நாற்பத்தொரு மில்லிமீட்டர்

அத்தியாயம் பதினான்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் மாடி விசாரணை அறையில் இருந்தவர்கள்:

அம்மா. துணி ஆலையில் அளவு சரிபார்ப்பவள். மடியில் நீலக் கோப்பு.

அப்பா. பஸ் பணிமனையில் ஃபிட்டர். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில் அழைத்து வரப்பட்டவர்.

அவர்களுடைய ஒன்பது வயது மகள். இடது காலில், தொடையிலிருந்து செருப்பு வரை, நிற்கத் தாங்கும் உலோகச் சட்டமான காலிப்பர்.

நடுவர். இரு தரப்புக்கும் பொதுவானவர் என்று வாசல் பலகை சொன்னது. அவருக்கு உதவியாக எலும்பு டாக்டரம்மா ஒருவர்.

காப்பீட்டுக் கம்பெனியின் அதிகாரி. அவருடைய கோப்பு அம்மாவின் கோப்பில் கால்வாசிகூட இல்லை.

வராதவர் ஒருவர்: அம்மாவின் தம்பி. பேச்சில் சர்க்கரை தடவுவதால் ஊருக்கே அவன் சக்கரை. கம்பெனியின் ஏஜென்ட். இந்தப் பாலிசியைத் தன் அக்கா தலையில் கட்டியவன் அவன்தான். "நான் வராம வேற யாரு வருவா" என்று மூன்று முறை சொல்லியிருந்தான்.

*

அன்று காலை வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பது நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் வந்த கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. தங்கள் மகளின் காலிப்பரை எங்கள் பார்வையாளர் நேரில் சோதித்தார். அது நல்ல நிலையில் உள்ளது, காலுக்கும் பொருந்துகிறது. ஆகவே மூன்றாண்டு முடியும் வரை புதியது வழங்க இயலாது.

நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அந்தப் பெண்ணின் இடது கால் பலத்தை எடுத்துக்கொண்டு போனது. ஏழு வயதில் இந்தக் காலிப்பர் வந்தது. நடக்கும்போது டக், டக் என்று சத்தம் போடும். பள்ளியில் மற்றவர்கள் பெயர் வைப்பதற்குள் அவளே வைத்துக்கொண்டாள்: குதிரை. இப்போது வீட்டிலும் அதுதான் பெயர்.

கால் வளர்ந்தது. காலிப்பர் வளரவில்லை. அப்பா வளர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு பணிமனைக்குப் போய், தொடைப் பக்கத்துச் சட்டத்தில் அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடித்து நீட்டினார். ஒரு வருடம் எட்டு மாதத்தில் ஐந்து முறை. கீழ்ச் சட்டம் செருப்போடு சேர்த்துப் பற்றவைத்தது. அதைத் தொட முடியாது. அதனால் மொத்த நீளம் சரியாக வந்தது. முட்டி மட்டும் மேலே போய்விட்டது, கீல் பழைய இடத்திலேயே நின்றது. முட்டிக்குக் கீழே மடங்குகிற காலிப்பரோடு குழந்தை நடந்துகொண்டிருந்தாள். முட்டி பின்பக்கம் வளைய ஆரம்பித்துவிட்டது, இந்தக் கோடைக்குள் மாற்றாவிட்டால் கத்திதான் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனியின் பார்வையாளர் வந்த அன்று டேப்பைத் தொடையிலிருந்து குதிகால் வரை இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். உறுதியாக இருந்தன. நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவருக்குத் தெருமுனைக் கடையிலிருந்து டீ வாங்கிவந்து கொடுத்தார்.

அந்த டீயைத்தான் அம்மாவால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனை நேர்த்தியாக ரிப்பேர் செய்யாமல் இருந்திருந்தால் அது எப்போதோ உடைந்திருக்கும், எப்போதோ புதிது வந்திருக்கும் என்பது அவளுடைய கட்சி. அந்தக் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி, ஐந்து முறையும் மாட்டிப் பார்க்கும்போது காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவளே என்பதால் வந்தது.

"உங்கப்பாகிட்ட சொல்லு," என்றாள் காலையில், சீப்பை மகள் தலையில் இழுத்தபடி. "அங்க வந்து வாயத் தொறக்கக் கூடாது."

அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வாயத் தொறக்கக் கூடாதாம்."

"தொறக்கலன்னு சொல்லு."

"தொறக்க மாட்டாராம். அம்மா, நான் என்ன தபால்காரியா?"

பஸ்ஸில் குதிரை நடுவில் உட்கார்ந்தாள்.

*

முதலில் அதிகாரி பேசினார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தையை எந்தப் பக்கமும் குத்தாமல் மழுக்கிப் பேசப் பழகியிருந்தார். பார்வையாளரின் அறிக்கையைப் படித்தார். பழுதில்லாத சாமானுக்குப் பதில் சாமான் கேட்டால் எந்தக் கம்பெனியும் தாங்காது என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். பாலிசியின் பத்தொன்பதாவது பிரிவை, கோப்பைத் திறக்காமலே ஒப்பித்தாள். குழந்தையின் வளர்ச்சியால் கருவி முப்பது மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துபோனால் மூன்றாண்டு நிபந்தனை பொருந்தாது.

"குறையலையே மேடம்," என்றார் அதிகாரி. "அளவு சரியா இருக்குன்னுதானே அறிக்கை சொல்லுது."

"மொத்த நீளம் சரி சார். முட்டி இருக்க வேண்டிய எடத்துல முட்டி இல்ல. எங்க ஆலையில முட்டித் தையல் ரெண்டு சென்டி எறங்கின பேன்ட் வந்தா, மொத்த நீளம் சரின்னு பெட்டியில போட்டு அனுப்ப மாட்டோம். திருப்பி விட்டுருவோம். அது வெறும் துணி."

டாக்டரம்மா கை நீட்டினார். அம்மா கைப்பையிலிருந்து ஆலை டேப்பை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா தரையில் மண்டியிட்டு அளந்தார். கீலுக்கும் முட்டிக்கும் நடுவே பத்தொன்பது மில்லிமீட்டர். இப்படி ஒரு காலிப்பரைத் தன்னிடம் கொண்டு வந்திருந்தால் அன்றே கழற்றச் சொல்லியிருப்பேன் என்றார்.

அதிகாரி விடவில்லை. கீல் தப்பியிருக்கலாம், பிரிவு பேசுவது நீளத்தைப் பற்றி. வாங்கியபோது என்ன நீளம் என்று எங்கேயும் பதிவில்லை. தங்கள் கோப்பில் 'காலிப்பர், இடது, ஒன்று' என்றுதான் இருக்கிறது. செய்து கொடுத்த கடையையும் மூடிவிட்டார்கள். கால் முப்பது மில்லிமீட்டர் வளர்ந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? இப்போது பொருந்துகிறது என்றால், ஒன்று குழந்தை வளரவில்லை. இல்லை, இதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அறையில் யாரும் அப்பாவைப் பார்க்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

அப்பா எழுந்தார். பெண்டாட்டி பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் நீட்டினேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு?" என்று நடுவர் கேட்டார்.

"நாப்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணா, சுமாராவா?"

"சுமாரா செய்யற வேலை எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். வாயால் யாரும் எந்த எண்ணையும் சொல்லலாம், சார் நூறு என்றும் சொல்லலாம் என்றார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

"எழுத்துல இல்ல சார். தகட்டுல இருக்கு."

என்ன சொல்கிறார் என்று அம்மாவுக்கே புரியவில்லை. புரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான். குதிரை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால் பட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அப்பா எல்லாத்துக்கும் தேதி அடிச்சிருக்காரு," என்றாள். "கடைசி நம்பர் நான் அடிச்சேன். அது மட்டும் கோணலா இருக்கும்."

*

பஸ் பணிமனையில் ஒரு விதி உண்டு. எந்தப் பாகத்தில் யார் கை வைத்தாலும், என்றைக்கு வைத்தார், எவ்வளவு கூட்டினார், குறைத்தார் என்று எண் உளியைச் சுத்தியலால் தட்டி அந்த இரும்பிலேயே அடித்துவிட வேண்டும். நாளைக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாரைப் பிடிப்பது? இருபத்திரண்டு வருடமாக அப்பா அடித்துக்கொண்டிருக்கிறார். ஒருமுறை வீட்டுக் குக்கர் கைப்பிடியை மாற்றிவிட்டு அதிலும் தேதி அடித்து வைத்தார். அம்மா அதைச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். காலிப்பரிலும் அடித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சட்டத்தின் மேல் குழந்தையைக் குத்தாதபடி பஞ்சு வைத்து ரெக்சின் உறை தைத்துக் கொடுத்ததே அவள்தான். சட்டம் அந்த உறைக்குள் போவதற்குள் அடித்து முடித்திருக்கிறார்.

அப்பாவிடம் இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, யாரும் கேட்கவில்லையே என்றார். அவரைப் பொறுத்தவரை அது முழுப் பதில்.

டாக்டரம்மா உறையைப் பிரித்தார். பசை காய்ந்து மஞ்சளாகி, உரிக்க உரிக்கத் தூளாக வந்தது. அடியில் ஐந்து வரிகள். ஓர் எண், பக்கத்தில் தேதி. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஆறு. எட்டு. ஒன்பது. எட்டு."

கடைசி வரியில் எண்கள் குடித்துவிட்டு நடந்தவை மாதிரி இறங்கிப் போயிருந்தன.

"பத்து."

"நாற்பத்தொண்ணு," என்றாள் அம்மா. ஒவ்வொன்றாக மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

அதிகாரி காலிப்பரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இதை நேற்று ராத்திரி உட்கார்ந்துகூட ஒரே மூச்சில் அடித்திருக்கலாமே என்றார். நியாயமான கேள்விதான்.

அப்பா மேசைக்கு வந்தார். விரல் நகத்தில் கருப்பு கிரீஸ் இருந்தது. மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த நகத்தால் முதல் தேதியைத் தொட்டார்.

"இதோட கடைசி நம்பர் எங்க சார்?"

அதிகாரி குனிந்தார். வருடத்தின் கடைசி எண்ணைக் காணோம். இரண்டாவது முறை வைத்த பட்டை அதை மூடியிருந்தது.

"பட்டைக்கு அடியில போயிடுச்சு. அப்ப, பட்டை போடறதுக்கு முன்னாடி அடிச்சதுதானே? ரெண்டாவது தேதி மேலே மூணாவது பட்டை லேசா ஏறியிருக்கும், பாருங்க. நேத்து அடிக்கணும்னா அஞ்சையும் பிரிச்சு, ரிவெட்டை ஒடச்சு, திரும்பப் போட்டிருக்கணும். ரிவெட் எல்லாம் பழசு. அதோட தலை விளிம்பைப் பாருங்க, கறுத்துப் போயிருக்கு."

அவ்வளவு நீளமாக அவர் பேசி அம்மா கேட்டதில்லை. கல்யாணப் பேச்சின்போதுகூட இல்லை.

நடுவர் தானே ஒரு பூதக்கண்ணாடி வரவழைத்துப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம் கொடுத்தார். பிறகு, மரியாதைக்காக, அதிகாரியிடம்.

*

அதிகாரி அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

அப்படியானால் அனுமதியில்லாமல் கருவியை மாற்றியதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்றார். இருபத்திரண்டாவது பிரிவு. எங்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் யார் கை வைத்தாலும் எங்கள் பொறுப்பு தீர்ந்தது. கீல் தப்பியதும் அதனால்தானே?

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதற்குத்தான் வாயைத் திறக்காதே என்றாள் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அம்மாவோ, ஒன்பது நாளாக இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்ச்சிக்கு ஆதாரம் இல்லாமல் இதைத் தொடுவதில் பிரயோஜனம் இல்லை என்று கோப்பின் அடியில் வைத்திருந்தாள். ஆதாரம் இப்போது மேசைமேல் கிடந்தது.

நீலக் கோப்பு திறந்தது. கடைசித் தாள். காலிப்பர் குட்டையாகிறது என்று அவள் எழுதிய முதல் கடிதத்துக்குக் கம்பெனி அனுப்பிய பதில்.

"படிங்க சார். நீங்களே படிங்க."

அதிகாரி மனதுக்குள் படித்தார். நடுவர் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"தற்போது புதிய கருவி வழங்க இயலாது. தேவையான நீளச் சரிசெய்தலைத் தகுந்த தொழிலாளியைக் கொண்டு தாங்களே செய்துகொள்ளவும்."

"தேதி?"

அதிகாரி தேதியைப் படித்தார். தகட்டில் இருந்த முதல் தேதிக்குப் பதினோரு நாள் முந்தையது.

"தகுந்த தொழிலாளின்னு எழுதியிருந்தீங்க," என்றாள் அம்மா. "இருபத்திரண்டு வருஷமா ஜனங்க இவரு போட்ட பிரேக்கை நம்பித்தான் பஸ்ல ஏறுது. இதைவிடத் தகுந்தவரை எங்க போய்த் தேடட்டும்?"

அப்பா தலையைத் தூக்கினார். ஒன்பது நாளில் அவளிடமிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதுவும் வேறு ஒருத்தரிடம் சொன்னது.

கடிதத்தின் கீழே ஒரு கையெழுத்து இருந்தது. அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கையெழுத்தை அடையாளம் காண ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அவரிடம் ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. அதையும் வைத்தார். ஏழு மாதத்துக்கு முன்னால், குழந்தையின் காலை அளக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்பினோம். அன்று வந்திருந்தால் இந்த விசாரணையே வந்திருக்காது. வரவில்லை. தபால் கிடைத்ததற்கு உங்கள் முகவரியில் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை இதோ.

அப்படி ஒரு தபால் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மா அதைச் சொல்ல வாயெடுத்தவள், அட்டையைப் பார்த்தாள்.

ஒரு பெரிய சுழி. அதற்கு அடியில் இரண்டு கோடு, ஓரத்தில் ஒரு புள்ளி.

அதே சுழி, அதே இரண்டு கோடு, அதே புள்ளி அவள் கையிலிருந்த பாலிசியின் முதல் பக்கத்திலும் இருந்தது. ஏஜென்ட் கையெழுத்து என்று அச்சடித்த இடத்துக்கு மேலே. அவளுக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

கோப்பை மூடினாள்.

"இது உங்க கையெழுத்தாம்மா?" என்றார் நடுவர்.

"இல்லைங்க. எங்க வீட்டுல இருக்கிற யாரோடதும் இல்லைங்க."

பொய் இல்லை. தம்பி இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். சொந்த வீட்டு அழுக்கை மூன்றாம் மாடியில் அலசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அளவு தகட்டிலேயே இருக்கும்போது அளக்க வராததைப் பேசுவதில் பொருளில்லை என்று நடுவர் அட்டையை ஒதுக்கினார். டாக்டரம்மாவோடு இரண்டு நிமிஷம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு சொன்னார். மூன்று வாரத்துக்குள் புதிய காலிப்பர், முழுச் செலவும் கம்பெனியுடையது. பெண் வளர்ந்து முடிகிறவரை, முப்பது மில்லிமீட்டர் கூடும்போதெல்லாம் கேள்வி இல்லாமல் அடுத்தது. பார்வையாளர்கள் இனிமேல் கீலையும் அளக்க வேண்டும்.

அம்மா அழவில்லை. நன்றியும் உடனே சொல்லவில்லை. எழுத்தில் வேண்டும், முத்திரையோடு வேண்டும், இப்போதே வேண்டும் என்றாள். நாற்பது நிமிஷம் நடைபாதை பெஞ்சில் காத்திருந்து வாங்கினாள். கூடவே அந்த அட்டைக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று எழுத்தர் கேட்டார். வீட்டில் காட்ட என்றாள்.

அதிகாரி படியில் இறங்கும்போது அப்பா பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார். எங்களிடம் ஒரு குடோன் நிறைய உடைந்த சக்கர நாற்காலிகள் கிடக்கின்றன என்று எதையோ ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் பாதியிலேயே போய்விட்டார்.

குதிரைக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. அதை டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டாள்.

"புதுசுக்கும் சத்தம் வருமா?"

வராது, இப்போதெல்லாம் ரப்பர் வைத்துச் செய்கிறார்கள் என்று டாக்டரம்மா பெருமையாகச் சொன்னார். குதிரையின் முகம் விழுந்துவிட்டது. சத்தம் இல்லாத குதிரையை யார் மதிப்பார்கள்?

அப்பா குனிந்து அவள் காதில் சொன்னார். "ஒரு வாஷரை லூஸ் பண்ணித் தரேன்."

"நீங்க அதுல கையே வைக்க வேண்டாம்," என்றாள் அம்மா.

ஒன்பது நாள் கழித்து அவரிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. தபால்காரிக்கு வேலை போனது. மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. பஸ்ஸில் குதிரை ஜன்னல் ஓரம் கேட்டாள், கொடுத்தார்கள். நடு இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, விரல் நகத்தைப் பார்த்து, சோப்புப் போடத் தெரியாத மனுஷன் என்றாள். கையைத் திருப்பித் தரவில்லை.

*

மாலை நான்கு மணிக்கு அப்பாவையும் மகளையும் தையல் நூல் வாங்கக் கடைக்கு அனுப்பினாள். வீட்டில் நூல் இருந்தது. அப்பாவுக்கும் அது தெரியும். கேட்கவில்லை.

பிறகு மேசையைத் துடைத்தாள். நடுவில் அட்டையின் நகலை வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தாள். சுழி தெரியும்படி டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

ஐந்து மணிக்குச் சக்கரை வந்தான். வாசலில் நின்றபடியே சிரித்தான். கையில் இனிப்புப் பெட்டி. கேள்விப்பட்டானாம், கம்பெனியே கலங்கிப் போயிருக்கிறதாம், மாமாவைப் பற்றித்தான் எல்லோருக்கும் பேச்சாம். காலையில் வர முடியாதபடி ஒரு பெரிய இடத்துக் கிளைம் குறுக்கே வந்துவிட்டதாம்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல அக்கா? இந்தப் பாலிசி உன்னைக் கைவிடாதுன்னு."

"சொன்ன."

"அப்புறம் என்ன, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? சந்தோஷமான நாளு."

"சந்தோஷந்தான். உள்ள வாடா."

செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். மாமா எங்கே, குதிரை எங்கே என்று கேட்டுக்கொண்டே பெட்டியை மேசைமேல் வைக்கப் போனவன், வைக்கவில்லை. பெட்டி கையிலேயே நின்றது. டம்ளரைப் பார்த்தான். டம்ளருக்கு அடியில் பார்த்தான்.

அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா," என்றான். "அதை மறைச்சது எனக்காக இல்ல."

அம்மா அவனைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். ஊருக்குப் போகும்போது மட்டும் போடுகிற பெரிய பூட்டை ஆணியிலிருந்து எடுத்து, உள்பக்கமாக மாட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.